இணையக் கடையின் பதிவு நாட்டை மாற்றுவது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், அவர்களுடைய இணையக் கடைகளின் கொடுப்பனவு வழிகளைச் சீராக்கிக் கொடுப்பதும் என் தொழில். கைத்தறிச் சேலை, கறுவா, தேயிலை, பனையோலைப் பொருள் என்று எதை விற்பவராக இருந்தாலும், கடை ஓரளவு ஓடத் தொடங்கியதும் ஒரே சந்தேகத்தோடு வந்து நிற்கிறார்: கடையை வேறு நாட்டின் பெயருக்கு மாற்றலாமா? கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னர் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் சுட்டிக் காட்டியிருப்பதால், தொடக்கத்திலிருந்து வாசிப்பதே நல்லது.

கடையின் நாடு என்று கேட்கிறார்களே, அது நான் இருக்கும் நாடா, பொருள் போய்ச் சேரும் நாடா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ‘நாடு’ என்ற அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் உண்மையில் நான்கு நாடுகள் ஒளிந்திருக்கின்றன. கடையைச் சட்டப்படி உடைமையாகக் கொண்ட ஆள் அல்லது கம்பனி பதிவான நாடு ஒன்று. அட்டைப் பணத்தை வாங்கித் தரும் கொடுப்பனவு நிறுவனத்தில் கணக்குத் திறந்துள்ள நாடு இன்னொன்று. பொதி புறப்படும் நாடு மூன்றாவது. உரிமையாளர் வரி செலுத்தக் கடமைப்பட்ட நாடு நான்காவது. கொழும்பில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்தே பொருள் அனுப்புபவருக்கு இந்த நான்கும் இலங்கையாகவே இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ஒன்றை மட்டும் இடம் மாற்றும்போதுதான், மற்ற மூன்றும் பின்னால் வராமல் நின்றுவிட்டதை அவர் காண்கிறார்.

வாங்குபவர் வசிக்கும் நாடு இந்தக் கணக்கில் சேராது. டொரொன்டோவில் இருப்பவருக்கு விற்பதற்காக உங்கள் கடை கனடாவில் பதிவாகியிருக்க வேண்டியதில்லை.

அமைப்புகள் பக்கத்தில் நாட்டின் பெயரை மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்துவிடாதா?

கடை எந்தத் தளத்தில் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. வூகொமேர்ஸ் என்பது உங்கள் சொந்தத் தளத்தில் நிறுவப்படும் மென்பொருள். அதில் கடையின் விலாசத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், யாரும் ஆவணம் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த மாற்றம் வரிக் கணிப்புக்கும் அனுப்பும் வலயங்களுக்கும் அடிப்படையாகும் இடத்தை மாற்றுகிறதே தவிர, உங்களை வேறு நாட்டு வணிகராக ஆக்கிவிடுவதில்லை.

கடையைத் தன் தளத்திலேயே நடத்தித் தரும் சேவையான ஷொப்பிஃபையிலும் கடையின் விலாசத்தைத் திருத்துவது எளிது. அதன் சொந்தக் கொடுப்பனவுச் சேவையை நீங்கள் பயன்படுத்துபவராக இருந்தால்தான் கதை வேறு. அச்சேவை நாட்டோடு கட்டப்பட்டது. நாடு மாறினால் பழைய நாட்டுக்கான இணைப்பை நிறுத்திவிட்டு, புதிய நாட்டின் பதிவு ஆவணங்களையும் வங்கிக் கணக்கையும் கொடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கைக்கு அச்சேவை இல்லாததால், இங்கிருந்து புறப்படுபவருக்கு நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை, தொடங்குவதற்குத்தான் எல்லாம் உண்டு.

இலங்கைப் பதிவை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரரிடம் காசு வாங்கவே முடியாதா?

முடியும். நாட்டை மாற்ற வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு மாற்றமே தேவையில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணமும் இதுதான். இலங்கையில் திறக்கப்படும் பேபால் கணக்கு நீண்ட காலமாகப் பணம் செலுத்துவதற்கு மட்டுமே பயன்பட்டு வந்துள்ளது. அட்டைப் பணம் பெற்றுத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தில் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலிலும் இலங்கை இல்லை. இந்த இரண்டு கதவுகளும் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, வழியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பேஹியர் போன்ற உள்ளூர்க் கொடுப்பனவு நிறுவனங்களும், வர்த்தக வங்கிகள் தரும் இணையக் கொடுப்பனவு வாயில்களும் (கடையில் அட்டைப் பணம் பெறும் இணைப்புகள்) வெளிநாட்டு வீசா, மாஸ்டர்காட் அட்டைகளை ஏற்கின்றன. பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு பெரும்பாலும் வேலை ஆகிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஷொப்பிஃபையில் அதன் சொந்தச் சேவை அல்லாத வாயிலைப் பயன்படுத்தினால், வாயிலின் கட்டணத்துக்கு மேல் அடிப்படைத் திட்டத்தில் 2% தனியாக அறவிடப்படும். தெரியாத வாயிலின் பெயரைக் கண்டு தயங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் உண்டு. இந்த இழப்பு ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டில் ஒரு கம்பனியை ஆண்டு முழுவதும் பராமரிக்கும் கணக்காளர் கட்டணத்தைவிட அது குறைவாக இருந்தால், அந்தத் தாளே உங்களுக்குப் பதில்.

லண்டனில் என் தம்பி இருக்கிறான். அவனுடைய விலாசத்தைப் போட்டால் போதாதா?

இது நான் அதிகம் கேட்ட கேள்வி. என் பதில் அதிகம் பேருக்குப் பிடிக்காத பதில். விலாசத்தை மட்டும் கடன் வாங்குவது போதாது, ஆபத்தும் கூட. கொடுப்பனவு நிறுவனம் கேட்பது தபால் வந்து சேரும் இடத்தையல்ல. அங்கு பதிவான வணிகத்தையும், அதன் உண்மையான உரிமையாளரின் அடையாளத்தையும், அதன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கையும். கணக்குத் திறக்கும் நாளில் எல்லாம் சுமுகமாகப் போய்விடலாம். விற்பனை உயர்ந்ததும் மறுபரிசீலனை வரும். கணக்கில் நுழைவது கொழும்பிலிருந்து, பொதி புறப்படுவது கொழும்பிலிருந்து, விலாசம் மட்டும் லண்டன் என்பது அப்போது தெரிந்துவிடும். கணக்கு முடக்கப்பட்டால், திருப்பிச் செலுத்தல்களுக்கு ஈடாக உங்கள் பணம் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்படலாம். பேபாலில் அது 180 நாட்கள் வரை போகும்.

தம்பி தன் பெயரிலேயே கணக்கைத் திறந்து தந்தால் என்ன என்பது அடுத்த கேள்வியாக வரும். அப்படிச் செய்தால் சட்டத்தின் கண்ணில் விற்பவர் அவரே. வருமானம் அவருடைய வருமானமாகக் கருதப்படும், அங்குள்ள வரி அலுவலகம் அவரிடமே கணக்குக் கேட்கும், வாடிக்கையாளரின் முறைப்பாடும் அவர் வீட்டுக் கதவையே தட்டும். அவர் உண்மையிலேயே பங்காளி என்றால், இருவரும் பங்குதாரராக ஒரு கம்பனியைத் தொடங்கி, யார் என்ன செய்கிறார் என்பதை எழுதிவைப்பதுதான் முறை. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பவர்களை நான் வற்புறுத்துவதில்லை. அவர்களுடைய வேலையை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஏற்கெனவே உள்ள ஸ்ட்ரைப் அல்லது பேபால் கணக்கின் நாட்டை மாற்றித் தருவார்களா?

தரமாட்டார்கள். இரண்டிலும் நாடு என்பது கணக்குத் திறக்கும்போது நிலைபெற்றுவிடுகிறது. புதிய நாட்டுக்குப் புதிய கணக்குத்தான் திறக்க வேண்டும். இது பிடிவாதம் அல்ல. வணிகர் எந்த நாட்டில் இயங்குகிறாரோ அந்த நாட்டுக்கு உரிமம் பெற்ற வங்கியே அவருடைய அட்டைப் பணத்தைப் பெற்றுத் தர வேண்டும் என்பது வீசா, மாஸ்டர்காட் வலையமைப்புகளின் பொது விதி. ஆகவே நாடு மாறும்போது, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருக்கும் வங்கியும் உரிமமும் ஒப்பந்தமும் சேர்ந்தே மாறுகின்றன.

நாணயத்தை ரூபாயிலிருந்து பவுணுக்கு மாற்றினால் விலைகள் தாமாகவே மாறிவிடுமா?

மாறா. ஷொப்பிஃபையிலும் வூகொமேர்ஸிலும் கடையின் நாணயத்தை மாற்றினால் குறியீடு மட்டுமே மாறும். எண் அப்படியே நிற்கும். 4,500 ரூபாய்க்கு இருந்த சேலை 4,500 பவுண் ஆகிவிடும். பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்தலாம். டொலரில் இருந்ததை ரூபாய்க்கு மாற்றும் எதிர்த் திசையில் சிரிக்க முடியாது, 45 டொலர் சேலை 45 ரூபாய்க்குப் போய்விடும். ஆகவே எல்லா விலைகளையும் அட்டவணைக் கோப்பாக இறக்கி, புதிய நாணயத்தில் திருத்தி வைத்துக்கொண்டு, கடைக்குக் கடவுச்சொல் போட்டு மூடிய ஓர் இரவில் மாற்றுங்கள். ஷொப்பிஃபையில் முதல் விற்பனைக்கு முன் நாணயத்தை நீங்களே மாற்றலாம்; அதன் பிறகு என்றால் அவர்களின் உதவிப் பிரிவை நாட வேண்டியிருக்கும்.

பழைய கட்டளைகளுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது?

பணம் எந்தக் கணக்கில் வந்ததோ அதே கணக்கிலிருந்துதான். அதனால் பழைய வாயிலைக் கடையின் முகப்பிலிருந்து எடுத்துவிடலாமே தவிர, கணக்கை உடனே மூடிவிடக் கூடாது. அட்டைதாரர் தன் வங்கியிடம் பிணக்கு எழுப்புவதற்குப் பொதுவாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. கடைசி விற்பனைக்குப் பின் குறைந்தது ஆறு மாதங்களாவது பழைய கணக்கை, அதில் சிறிது பணத்தோடு, திறந்தே வைத்திருக்கும்படி நான் சொல்வது இதனால்தான்.

பரிசு அட்டைகளையும் மறந்துவிடாதீர்கள். பழைய நாணயத்தில் விற்ற பரிசு அட்டை ஒரு கடன். நாடு மாறியதால் கடன் மாயமாகாது.

இங்குள்ள கம்பனியையே அப்படியே இங்கிலாந்துக்கு மாற்ற முடியுமா?

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கொழும்பில் பிறந்த கம்பனி, இங்கிலாந்துக் கம்பனியாக மறுபிறவி எடுப்பதற்கு அங்கு வழி இல்லை. பிரித்தானியச் சட்டத்தில் இங்கிலாந்தில் பதிவான கம்பனி ஸ்கொட்லாந்துக்குக் கூட தன் பதிவை நகர்த்த முடியாது. நடைமுறையில் செய்யப்படுவது, அங்கே புதிய கம்பனி ஒன்றைத் தொடங்கி, கடையின் டொமைன் (இணைய முகவரி), வணிகப் பெயர், கையிருப்பு, வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றை இங்குள்ள கம்பனி அதற்கு விற்பதுதான். விற்பது என்ற சொல்லைக் கவனிக்கவும். விலை குறிப்பிட்ட ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் வேண்டும், இரண்டு கம்பனிகளின் உரிமையாளரும் ஒருவரே என்றால் அந்த விலை வெளியாருக்கு விற்கும் விலையை ஒத்திருக்கவும் வேண்டும்.

பிரித்தானியக் கம்பனி தொடங்குவது முன்பிருந்த அளவுக்கு எளிதல்ல. 2024 மார்ச் 4 முதல் தபால் பெட்டி இலக்கத்தைப் பதிவு அலுவலக விலாசமாகக் கொடுக்க முடியாது. 2025 நவம்பர் 18 முதல் பணிப்பாளர்கள் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். சிங்கப்பூரைக் கேட்பவர்களுக்கு: அங்கு வசிக்கும் பணிப்பாளர் ஒருவராவது இல்லாமல் கம்பனி தொடங்க முடியாது, அப்படி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு.

இங்குள்ள கம்பனியைச் சும்மா விட்டுவிடலாமா என்றால், கூடாது. அது பதிவேட்டில் இருக்கும்வரை ஆண்டறிக்கையும் வருமானவரி விவரத்திரட்டும் கேட்கப்படும். தொடர்ந்து பொருள் அனுப்பும் வேலைக்கு அது தேவைப்படுகிறதா என்று முதலில் தீர்மானியுங்கள். பெரும்பாலும் தேவைப்படும்.

கம்பனி லண்டனில், நான் கொழும்பில். வரி எங்கே கட்டுவது?

இந்தத் தொகுப்பில் ஒரு கேள்வியை மட்டும் வாசிக்க நேரம் உள்ளவர் இதை வாசிக்கட்டும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஒரு கம்பனி இலங்கையில் கூட்டிணைக்கப்பட்டிருந்தாலோ, அதன் பதிவு அலுவலகமோ பிரதான அலுவலகமோ இங்கிருந்தாலோ மட்டுமல்ல, அதன் முகாமைத்துவமும் கட்டுப்பாடும் ஆண்டின் எந்த நேரத்திலாவது இலங்கையில் செலுத்தப்பட்டாலும் அது இலங்கையில் வதிவுள்ள கம்பனியே. விலையைத் தீர்மானிப்பது, வங்கிப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுப்பது, எந்தச் சேலையை எத்தனை எடுப்பது என்று முடிவு செய்வது எல்லாம் பம்பலப்பிட்டியில் ஒரு சாப்பாட்டு மேசையில் நடக்கும்போது, லண்டன் விலாசம் அந்த உண்மையை மாற்றுவதில்லை.

தனிநபருக்கும் இதே போக்குத்தான். வரி மதிப்பாண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது ஒரு பன்னிரண்டு மாதக் காலத்தில் மொத்தமாக 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் இங்கிருந்தால் நீங்கள் வதிவாளர். வதிவாளரின் உலக வருமானம் முழுவதும் இங்கு வரிக்கு உட்படும். இரண்டு நாடுகளும் ஒரே வருமானத்தைக் கேட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள் உள்ளன. ஐக்கிய இராச்சியம், இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றோடு இலங்கைக்கு அவை உண்டு. அந்த உடன்படிக்கை ஒரு நாட்டில் கட்டிய வரிக்கு மற்ற நாட்டில் கழிவு பெற உதவும். எங்குமே கட்டாமல் இருக்க உதவாது.

இன்னொரு நுணுக்கம். பிரித்தானியாவில் நிலைகொண்ட வணிகர், பன்னிரண்டு மாத விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால்தான் வற் வரிக்கு (பெறுமதி சேர் வரிக்கு) பதிவு செய்யக் கட்டாயம். ஆனால் வாடகைக்கு எடுத்த தபால் விலாசத்தைத் தவிர அங்கு ஊழியரோ களஞ்சியமோ இல்லாத கம்பனியை, அங்கு நிலைகொள்ளாத வணிகர் என்று வரித் திணைக்களம் கருத முடியும். அப்படிக் கருதினால் அந்த எல்லையே கிடையாது, முதல் பவுணிலிருந்தே பதிவு வேண்டும். தம்பியின் விலாசம் பற்றிய பதிலை இதனோடு சேர்த்து வாசிக்கவும்.

அமெரிக்காவில் எல்எல்சி தொடங்கினால் வரியே இல்லை என்று காணொளியில் சொன்னார்களே?

டெலவெயர் போன்ற மாநிலங்களில் வெளிநாட்டவர் ஒருவர் தனி உரிமையாளராக எல்எல்சி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பனி தொடங்கலாம் என்பது உண்மை. அங்கு வணிகச் செயற்பாடு எதுவும் இல்லாவிட்டால் பல வேளைகளில் அங்கு வருமானவரி வராமல் போகலாம் என்பதும் உண்மை. காணொளியில் வராதது, வரி இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித் திணைக்களத்தின் 5472 ஆம் இலக்கப் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்பதும், தவறினால் தண்டப்பணம் 25,000 டொலரிலிருந்து தொடங்கும் என்பதும். டெலவெயர் மாநிலத்துக்கு ஆண்டுதோறும் 300 டொலர் தனி. இலங்கையில் கட்ட வேண்டிய வரி எங்கும் போய்விடவில்லை என்பதை முந்தைய பதில் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் கம்பனி தொடங்க இங்கிருந்து பணம் அனுப்பலாமா?

சேவைக் கட்டணம் செலுத்துவது வேறு, மூலதனம் அனுப்புவது வேறு. வெளிநாட்டுக் கம்பனியின் பங்குகளுக்காக அனுப்பும் பணம் 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் மூலதனக் கொடுக்கல் வாங்கல். அதற்கென்று வங்கியில் திறக்கும் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியாகவே அது போக வேண்டும். எல்லைகள் வர்த்தமானி அறிவித்தல்களால் மாறிக்கொண்டே இருப்பதால், உங்கள் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் அன்றைய நிலையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வங்கியைத் தவிர்த்து உண்டியலில் அனுப்பிவிட்டு வருபவர்கள், பின்னர் அந்தக் கம்பனியின் இலாபம் இங்கு வந்து சேரும்போது, முதலீடு எப்படிப் போனது என்ற கேள்விக்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நிற்கிறார்கள்.

திரும்பி வரும் பணத்துக்கும் விதி உண்டு. இங்கிருந்து ஏற்றுமதியாகும் பொருளின் பெறுமதி, கப்பலேற்றிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இலங்கைக்கு வந்து சேர வேண்டும். லண்டன் கம்பனியின் கணக்கில் பணம் குவிந்திருக்க, இங்குள்ள கம்பனிக்கு ‘பிறகு அனுப்புகிறேன்’ என்று நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ள முடியாது.

பொருள் இங்கிருந்துதான் போகிறது. கடையின் நாடு மாறினால் பொதியில் எழுதுவதும் மாற வேண்டுமா?

விற்பவரின் பெயர் மாறும், பிறப்பிட நாடு மாறாது. மட்டக்களப்பில் நெய்த துணி, கடை எங்கு பதிவானாலும் இலங்கைப் பொருளே. சுங்கப் பிரகடனத்தில் அப்படியே எழுத வேண்டும். இதைப் பாரமாக நினைக்காதீர்கள், சில பொருட்களுக்கு இதுவே பெருமதிப்பு. ‘சிலோன் கறுவா’ என்ற பெயர் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடாகப் பதிவானது. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையோ, முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதற்கு மட்டும் உரியது. தேயிலையை மொத்தமாக அனுப்பி லண்டனில் சிறு பொதிகளாகக் கட்டலாம் என்று திட்டமிடுபவர், அந்தச் சிங்கத்தை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு பொதியாக இங்கிருந்து நேரடியாக அனுப்பினால், சேரும் நாட்டின் விதி, கடை எங்கு பதிவானது என்பதைவிட அதிகமாக உங்களைத் தாக்கும். பிரித்தானியாவுக்கு 135 பவுணுக்கு மேற்படாத பொதியென்றால், 2021 முதல் விற்பவரே விற்பனையின்போது வற் வரியை அறவிட்டுக் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் 150 யூரோ வரையான பொதிகளின் வற் வரியை ஒரே பதிவின் மூலம் கட்டும் முறை ஒன்று உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் அதில் சேர ஓர் இடையீட்டாளரை அமர்த்த வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் உணவு அல்லாத நுகர்வோர் பொருட்களுக்கு, ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் விலாசமும் பொருளோடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 800 டொலர் வரை தீர்வையின்றி நுழைந்த வழி 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் மூடப்பட்டது. ஒன்றியத்துக்குள் அதிகம் விற்பவருக்கு அங்கு ஒரு கம்பனி இருப்பது உண்மையிலேயே வேலையைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவுக்கு அனுப்புபவருக்கு டெலவெயர் பதிவு இந்த விடயத்தில் ஒரு சதமும் மிச்சப்படுத்தாது.

இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் பொருளுக்கு இங்கு வற் வரி பூச்சிய வீதம். உங்கள் இலங்கைக் கம்பனி உங்கள் லண்டன் கம்பனிக்கு விற்று அனுப்புவதும் ஏற்றுமதியே. உள்ளூர் விற்பனைக்கு உள்ள 18% வீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டொமைனையும் மாற்ற வேண்டுமா?

டொட் கொம் என்றால் உரிமையாளரின் பெயரையும் விலாசத்தையும் திருத்தினால் போதும். நாட்டுக் குறியீடுள்ள டொமைன்களில் கவனம் தேவை. டொட் சிஏ கனடாவோடும், டொட் கொம் டொட் ஏயு அவுஸ்திரேலியாவோடும் தொடர்புள்ளவருக்கே கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியபோது, டொட் ஈயு டொமைன் வைத்திருந்த பிரித்தானிய விலாசக்காரர்கள் பலர் 2021 தொடக்கத்தில் அதை இழந்தார்கள். நாட்டை மாற்றியது அவர்கள் அல்ல, நாடுதான் மாறியது.

பேஸ்புக், கூகுள் விளம்பரக் கணக்குகள்?

அவற்றிலும் நாணயமும் கொடுப்பனவு நாடும் எளிதில் திருத்தக் கூடியவை அல்ல. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் நாணயத்தை மாற்றினால் புதிய விளம்பரக் கணக்கு உருவாகும். கூகுளில் கொடுப்பனவு விவரத்தின் நாட்டை மாற்ற முடியாமல் புதியது ஒன்றைத் தொடங்க வேண்டும். பழைய கணக்கு பல மாதங்களாகக் கற்றுக்கொண்டது புதிய கணக்குக்குத் தெரியாது என்பதால், முதல் சில வாரங்களில் விளம்பரச் செலவு கூடும். பட்ஜெட்டில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பட்டியலைப் புதிய கம்பனிக்கு எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போகலாம், சொல்லிவிட்டு. அந்த மக்கள் தம் விவரத்தைத் தந்தது இங்குள்ள கம்பனிக்கு. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் அவரவர் தரவுப் பாதுகாப்பு விதிகளும் பெரும்பாலும் ஒரே போக்குடையவை: இனி விவரத்தை வைத்திருப்பவர் யார், எதற்காக, விலக விரும்பினால் எப்படி என்பதை முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். தனியுரிமை, திருப்பி ஏற்றல் பக்கங்களில் கம்பனியின் பெயரையும் இலக்கத்தையும் அதே நாளில் மாற்றுங்கள். பிரித்தானிய வாடிக்கையாளருக்கு இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் வேண்டாமென்று அறிவிக்கும் உரிமை உண்டு. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று புறக்கோட்டைப் பற்றுச்சீட்டில் அச்சடிக்கும் வாசகம் அங்கு செல்லாது.

நான் எதிர்த் திசையில் வருகிறேன். கனடாவில் நடத்திய கடையைக் கொழும்புக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

மேலே சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாக வாசியுங்கள், இரண்டு வேறுபாடுகளோடு. முதலாவது, அங்கு பழகிய கொடுப்பனவுச் சேவைகள் இங்கு கிடைக்கா. எனவே உள்ளூர் வாயிலின் ஒப்புதல் கையில் கிடைக்கும்வரை அங்குள்ள எதையும் மூடாதீர்கள். இரண்டாவது, மாதாந்தத் தவணையாகப் பணம் கட்டும் சந்தாக்காரர்கள் இருந்தால், அவர்களின் அட்டை விவரம் பழைய நிறுவனத்திடமே இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொருவரும் புதிதாக அட்டையைப் பதிய வேண்டி வரும், அதில் ஒரு பகுதியினர் திரும்பி வரமாட்டார்கள். மாறாக, கனடாக் கம்பனியை அங்கேயே வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் இங்கு குடிவருவதாக இருந்தால், முகாமைத்துவமும் கட்டுப்பாடும் பற்றிய பதில் உங்களுக்காகவே எழுதப்பட்டது.

சரி, மாற்றத்தான் போகிறேன். எதை முதலில் செய்வது, எந்த மாதத்தில் செய்வது?

வங்கிக் கணக்கை முதலில். கம்பனியை ஒரு வாரத்தில் பதிந்துவிட்டு, அதற்கு வங்கிக் கணக்குக் கிடைக்காமல் அரை ஆண்டு அலைந்தவர்களை அறிவேன். வெளிநாட்டில் வசிக்கும் பணிப்பாளருக்குக் கணக்குத் திறக்க எந்த வங்கி சம்மதிக்கும் என்பது தெரிந்த பிறகே கம்பனிப் பதிவுக்குப் பணம் கட்டுங்கள். அதன் பின் கொடுப்பனவு நிறுவனத்தின் ஒப்புதல், அதன் பின் சொத்துகளை விற்கும் ஒப்பந்தம், கடைசியாகத்தான் கடையின் அமைப்புகள் பக்கம். முதலாவதாக நினைத்த அந்தக் கட்டம் இறுதியாக வருவது பலருக்கு வியப்பாக இருக்கிறது.

இலங்கையின் வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிவதால், அந்த எல்லையில் மாற்றினால் இரண்டு கணக்குகளையும் பிரிப்பது எளிது; சித்திரைப் புத்தாண்டு விற்பனை உள்ளவர்கள் அது கழிந்தபின் வரும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடலாம். தீபாவளிக்கும் நத்தாருக்கும் இடையில் மட்டும் வேண்டாம். மாற்றும் நாளில் புதிய வாயில் வழியாக உங்கள் சொந்த அட்டையால் மிகச் சிறிய பொருள் ஒன்றை வாங்கி, பணம் வங்கியில் வந்து விழும்வரை பார்த்து, பின் அதைத் திருப்பிச் செலுத்தியும் பாருங்கள். அந்தப் பற்றுச்சீட்டில் எந்தக் கம்பனியின் பெயர், எந்த நாட்டின் விலாசம் அச்சாகி வருகிறது என்பதை வாசித்த பிறகே கடையைத் திறவுங்கள்.